எந்த வாஷிங் மெஷின் எத்தனை ஆண்டு உழைக்கும்? சேலத்துப் போர் தண்ணீருக்கும் ஏற்காட்டு ஈரத்துக்கும் ஓர் ஒப்பீடு

வாஷிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது விலையை. ஆறேழு ஆண்டுகள் கழித்து, கழற்றிப் போட்ட மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கிடம் கேட்பது "இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?" என்பதை. இந்த இரண்டாவது கேள்வியைக் கடையிலேயே கேட்டிருந்தால், சேலத்தின் பல வீடுகளில் இன்று இருக்கும் மெஷின் வேறொன்றாக இருந்திருக்கும். செமி ஆட்டோமேட்டிக்கா, டாப் லோடா, ஃப்ரன்ட் லோடா, அதோடு ட்ரையரும் சேர்த்து வாங்கலாமா என்று முடிவெடுக்க முடியாமல் இருப்பவர்களுக்காக, ஆயுள் ஒன்றையே முதன்மையாக வைத்து இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு பத்து ஆண்டு. அமெரிக்க வீடு கட்டுநர் சங்கம் 2007-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை வாஷிங் மெஷினுக்கு 10 ஆண்டும் ட்ரையருக்கு 13 ஆண்டும் என்று கொடுத்தது. ஆண்டுக் கணக்கில் ஆயுளைச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு: மெஷின் தேய்வது நாட்களால் அன்று, லோடுகளால். ஐரோப்பாவின் பழைய மின்சிக்கன லேபிள் ஓர் ஆண்டுக்கு 220 லோடு என்று வைத்துக் கணக்கிட்டது. அந்த வேகத்தில் பத்து ஆண்டுக்கு 2,200 லோடு ஆகிறது. அம்மாப்பேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ ஆறு பேர் இருக்கும் ஒரு வீட்டில் நாள்தோறும் ஒரு லோடு போட்டால், அதே 2,200 லோடு ஆறே ஆண்டில் முடிந்துவிடும். ஆகவே "பக்கத்து வீட்டு மெஷின் பன்னிரண்டு வருஷமாக ஓடுகிறது" என்ற செய்தி, அந்த வீட்டில் எத்தனை பேர் என்று தெரியாத வரை நமக்குப் பயன்படாது.

## எதை வைத்து எடைபோடுவது?

லோடுகளின் எண்ணிக்கை முதல் அளவுகோல். இரண்டாவது, மெஷினுக்குள் போகும் தண்ணீர். மூன்றாவது, எந்தப் பாகம் போனால் மெஷினையே தூக்கிப் போட வேண்டி வரும் என்பது. நான்காவது, மெஷின் நிற்கும் இடமும் அங்கே வரும் கரண்டும். கடைசியாக, விலைச் சீட்டில் இல்லாத செலவுகள்.

இவற்றில் மூன்றாவதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது என் முடிவு. எந்த மெஷினும் ஒரே நாளில் முழுவதுமாகச் சாவதில்லை. ஏதோ ஒரு பாகம் போகிறது, அது கிடைக்காமல் போகிறது, அல்லது அதன் விலை புதிய மெஷினின் விலையில் பாதியைத் தொடுகிறது. அந்த நாளைத்தான் "ஆயுள் முடிந்தது" என்று சொல்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் பத்து ஆண்டு வரை முக்கிய உதிரிப் பாகங்களைத் தர வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. நாம் இங்கே அந்த உறுதியை விற்பனையாளரிடம் கேட்டு, முடிந்தால் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

## முதலில் தண்ணீர்

சேலத்து வீடுகளில் பெரும்பாலும் இரண்டு தண்ணீர். ஒன்று 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து வரும் காவிரித் தண்ணீர். நாள்விட்டு வரும், சம்ப்பில் பிடித்து வைத்துக்கொள்வோம். மற்றொன்று ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்கும் போர் தண்ணீர். குடிக்க, சமைக்க மேட்டூர் தண்ணீர், குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர் என்று பிரித்துக் குழாய் இழுப்பதுதான் பழக்கம். மெஷினின் ஆயுளைப் பற்றிய முடிவு அந்தக் குழாய் வேலையிலேயே எடுக்கப்பட்டு விடுகிறது. மெஷின் வருவது பிறகுதான்.

தண்ணீரின் கடினத்தன்மை என்பது அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. மேக்னசைட் சுரங்கங்கள் இருக்கும் மாமாங்கம், கருப்பூர் பக்கத்துப் பாறையே மெக்னீசியம் நிறைந்தது. அதன் வழியாக ஊறி வரும் நிலத்தடி நீரில் அது கரையாமல் இருக்காது. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, போரின் ஆழத்துக்கு ஆழம் இது மாறும் என்பதால், சொந்தப் போரின் நீரைச் சோதித்துப் பார்ப்பதே சரி. பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை நீரில் முக்கிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது கரைந்த எல்லா உப்பையும் மொத்தமாகக் காட்டுமே தவிர, கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. கடினத்தன்மைக்கெனச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சிறிய சோதனைப் பெட்டி தனியாகக் கிடைக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலும் மாதிரி கொடுத்துச் சோதிக்கலாம்.

கடின நீர் மெஷினை இரண்டு வழிகளில் தாக்குகிறது. சூடாக்கும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து ஹீட்டரின் மேல் படிகிறது. கழற்றிப் பார்த்தால் முட்டை ஓடு போல வெள்ளையாக, நகத்தால் பெயர்த்தால் சில்லுச் சில்லாக வரும். அந்தப் படிவு வெப்பத்தை நீருக்குக் கடத்தாமல் தடுப்பதால் ஹீட்டர் தனக்குள்ளேயே வெந்து போகிறது. இரண்டாவது தாக்குதல் பச்சைத் தண்ணீரிலும் நடக்கும். கடின நீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னொரு கை பவுடர் போடுவோம். கரையாத மிச்சம் பிசினாகி, உள் டிரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒட்டிக்கொள்ளும். துவைத்த வெள்ளை வேட்டியில் சாம்பல் நிறத் திட்டு வருவது அந்தப் பிசின் பெயர்ந்து வந்ததால்தான். துணியில் தெரிவது கொஞ்சம், மெஷினுக்குள் இருப்பது அதிகம்.

இதற்குக் கடைகளில் தரும் தீர்வுகள் இரண்டு வகை. மெஷினின் குழாயில் மாட்டும் சிறிய கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் பாலிபாஸ்பேட் உருண்டைகள் கொண்டது. அது கடினத்தன்மையை நீக்காது, படிவு ஒட்டாமல் ஓரளவு தடுக்கும், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ரெசின் போட்ட சாஃப்ட்னர் உண்மையிலேயே கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அடிக்கடி உப்புக் கரைசல் ஊற்றி அதை மீட்டெடுக்க வேண்டும். கடையில் முதல் வகையைக் காட்டி இரண்டாவதன் பலனைச் சொல்வது வழக்கமாகி வருவதால், "இதற்கு உப்புப் போட வேண்டுமா?" என்று கேட்டாலே எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

## செமி ஆட்டோமேட்டிக்

ஆயுளை மட்டும் பார்த்தால் கடின நீர் வீட்டுக்கு இதற்கு நிகரில்லை. காரணம், இதில் மெஷினை முடித்து வைக்கும் பாகம் என்று ஒன்று அனேகமாக இல்லை. துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார், இரண்டுக்கும் கெப்பாசிட்டர், ஒரு பெல்ட், ஒரு கியர்பாக்ஸ், சாவி கொடுத்தது போல ஓடும் டைமர், அவ்வளவுதான். துவைக்கும் பக்கம் "உம்ம்" என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். சில நூறு ரூபாயில் முடியும். பிழியும் பக்கத்தின் அடியில் இருக்கும் ரப்பர் சீல் கிழிந்தால் நீர் நேராக மோட்டாரின் மேல் சொட்டும். அதைக் கண்டவுடன் மாற்றினால் சீல் செலவோடு போகும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மோட்டாரும் சேர்ந்து போகும். பழைய தகர உடம்பு மெஷின்கள் அடிப்பக்கம் துருப்பிடித்து உட்கார்ந்துவிடும். இப்போது வரும் பிளாஸ்டிக் உடம்பில் அந்தக் கவலையும் இல்லை. வாங்கும்போது மோட்டாரின் சுற்று செம்பா அலுமினியமா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவில் செம்புச் சுற்று கூடுதலாகத் தாங்கும்.

இன்னொரு வசதி, தண்ணீரை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது. துவைப்பதற்குப் போர் தண்ணீரை விட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் மேட்டூர் தண்ணீர் ஊற்றும் வீடுகள் உண்டு. முழுத் தானியங்கி எதிலும் இது முடியாது. ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, பிறகு கலர், பிறகு மிதியடி என்று போடும் சிக்கனமும் இதில்தான்.

மறைந்திருக்கும் செலவு ஆளின் உழைப்பு. ஈரத் துணியைக் குனிந்து எடுத்து மறுபக்கம் போட்டு, மூடி, நின்று, மறுபடி எடுத்து அலசுவதில் ஒரு லோடுக்கு அரை மணி நேரம் ஒருவர் மெஷின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த ஒருவர் எந்த வீட்டிலும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். பன்னிரண்டு ஆண்டு ஓடிய மெஷின் என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்தப் பன்னிரண்டு ஆண்டும் குனிந்து நிமிர்ந்த இடுப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இடுப்பு வலி, மூட்டு வலி உள்ளவர் துவைக்கும் வீட்டில், மெஷினின் ஆயுள் எத்தனை நீளமாக இருந்தாலும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## டாப் லோடு

சேலத்தில் அதிகம் விற்பதும், ஆயுளில் நடுத்தரமாக நிற்பதும் இதுவே. தொட்டி மேல் பார்த்து நிற்பதால் நீர் கீழே இருக்கிறது, பேரிங்கின் மேல் வரும் பக்கவாட்டுச் சுமை குறைவு. தொட்டியைத் தொங்க வைத்திருக்கும் நான்கு சஸ்பென்ஷன் கம்பிகள், நீர் வெளியேற்றும் டிரெயின் மோட்டார், கிளட்ச், நீர் உள்ளே வரும் வால்வு ஆகியவை தேயும் பாகங்கள். எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. நீர் மெதுவாக ஏறுகிறது என்று புகார் வந்தால், போரிலிருந்து வரும் நுண்மணல் வால்வின் வாயில் இருக்கும் சின்ன வலையை அடைத்திருக்கும். குழாயைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகும். இதற்கு மெக்கானிக்கை அழைத்து விசிட் சார்ஜ் கொடுப்பவர்கள் ஏராளம்.

இதை முடித்து வைக்கும் பாகம், மெஷினை இயக்கும் மின்னணு போர்டு. வோல்டேஜ் தாவினாலும், ஈரம் புகுந்தாலும், பல்லி ஒன்று சூட்டுக்காக உள்ளே போய் இரண்டு இணைப்புகளுக்கு நடுவில் கிடந்தாலும் போர்டு போகும். மூன்று நான்கு ஆண்டு பழைய மாடல் என்றால் போர்டு கிடைக்கும். எட்டு ஆண்டு ஆன பிறகு அதே எண்ணுள்ள போர்டைத் தேடுவது தனி வேலை. போர்டின் மேல் பிசின் ஊற்றி மூடியிருந்தால் ஊரில் பழுது பார்ப்பவரும் எளிதில் கை வைக்க முடியாது. பிறகு எலி. இவ்வகை மெஷின்களின் அடிப்பக்கம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். சாக்கடைப் பக்கம், பின்கட்டுப் பக்கம் மெஷின் வைக்கும் வீடுகளில் எலி ஏறி வயரைக் கடிப்பது கரண்டால் வரும் சேதத்துக்குக் குறைந்ததில்லை. எலி கடித்ததற்கு வாரண்டி பொருந்தாது. சில நூறு ரூபாய் வலையை அடியில் அன்றே மாட்டச் சொல்வது, நீட்டிக்கப்பட்ட வாரண்டிக்குப் பணம் கட்டுவதை விட மேல்.

தண்ணீர்ச் செலவு இதன் பெரிய குறை. ஒரு லோடுக்கு ஏறத்தாழ நூறு முதல் நூற்றைம்பது லிட்டர் வரை இழுக்கும். இத்தனை நீரை மேட்டூர் தண்ணீரில் கொடுக்க எந்த வீட்டாலும் முடியாது என்பதால், டாப் லோடு வாங்கினால் அது போர் தண்ணீரில்தான் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

## ஃப்ரன்ட் லோடு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்ல நீரில் மிக நீண்ட ஆயுளும், கெட்ட நீரில் மிகக் குறுகிய ஆயுளும் உடையது இந்த வகையே.

டிரம் படுக்கையாக இருப்பதால் ஈரத் துணியின் முழு எடையும் பின்பக்கம் இருக்கும் ஒரே தண்டின் மேல் தொங்குகிறது. டிரம்மையும் தண்டையும் இணைப்பது ஸ்பைடர் என்று மெக்கானிக்குகள் சொல்லும் மூன்று கை உலோகச் சட்டம். டிரம் துருப்பிடிக்காத எஃகு. ஸ்பைடர் பெரும்பாலும் அலுமினியக் கலவை. இரு வேறு உலோகங்கள், இடையில் உப்பு நீர், மேலே காரமான சோப்புப் பிசின், எப்போதும் ஈரம் என்று எல்லாம் ஒன்று கூடும்போது அலுமினியம் அரிக்கப்படுகிறது. கழற்றி எடுத்த ஸ்பைடரைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது: கைகளின் முதுகில் கறுப்புச் சேறு, அதைக் கழுவினால் அடியில் வெள்ளைப் பொடி, பொடியைத் தட்டினால் உலோகத்தில் கடலை அளவுப் பள்ளங்கள். அந்தப் பள்ளத்தில் ஒருநாள் 1,200 சுற்று வேகத்தில் கை முறிகிறது. டிரம் தொட்டியில் மோதி, அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

அதற்கு முன்பே வரும் அறிகுறி பேரிங் சத்தம். தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல் தேய்ந்து நீர் பேரிங்குக்குள் போனால், தொட்டியின் முதுகில் துரு நிறக் கோடு இறங்கும், பிழியும்போது லாரி ஏறுவது போல உறுமும். பேரிங்கும் சீலும் பெரிய விலையில்லை. ஆனால் இன்றைய மெஷின்கள் பலவற்றில் தொட்டியின் இரு பாதிகளும் ஒட்டி மூடப்பட்டிருப்பதால், பேரிங்கை மட்டும் மாற்ற வழியில்லை. தொட்டி முழுவதையும் வாங்கச் சொல்வார்கள். அந்த மதிப்பீட்டுச் சீட்டைப் பார்த்தவுடன் பெரும்பாலோர் புதிய மெஷின் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆகவே, ஃப்ரன்ட் லோடு வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை ப்ரோகிராம் என்பது அன்று. தொட்டி போல்ட் போட்டதா, ஒட்டியதா என்பதே.

"மோட்டாருக்குப் பத்து வருஷம் வாரண்டி" என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்து மனம் நிறைவது இயல்பு. இந்த வகை மெஷின்களில் மிகக் குறைவாகக் கெடும் பாகங்களுள் ஒன்று மோட்டார். கெடாததற்கு நீண்ட வாரண்டியும், கெடுகிற போர்டுக்கும் பேரிங்குக்கும் இரண்டு ஆண்டும் தருவதில் நிறுவனத்துக்கு நஷ்டமில்லை.

இதன் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு லோடுக்கு ஐம்பது, அறுபது லிட்டர் போதும். இந்த அளவை மேட்டூர் தண்ணீரிலிருந்தே கொடுக்க முடியும்! ஒரு சிறிய தனித் தொட்டி மாடியில் வைத்து, சம்ப்பிலிருந்து அதற்கு மட்டும் நல்ல தண்ணீர் ஏற்றி, மெஷினை அதோடு இணைத்துவிட்டால், மேலே சொன்ன நோய்களில் பெரும்பகுதி வராது. போர் தண்ணீர்க் குழாயில் மாட்டப்பட்ட ஃப்ரன்ட் லோடும், நல்ல தண்ணீரில் ஓடும் ஃப்ரன்ட் லோடும் ஒரே பெயருடைய இரண்டு வேறு பொருள்கள் என்றே சொல்வேன்.

அந்தத் தொட்டியை வைக்கும்போது உயரத்தைப் பார்க்க வேண்டும். பல மெஷின்கள் குறைந்தது 0.3 பார் அழுத்தம் கேட்கின்றன; ஒரு பாருக்கு ஏறத்தாழ பத்து மீட்டர் உயரம் என்பதால், குழாய்க்கு மேல் மூன்று மீட்டராவது நீர்மட்டம் இருக்க வேண்டும். கடைசி மாடியில், தொட்டிக்கு நேர் கீழே மெஷின் வைத்துவிட்டு, தண்ணீர் ஏறவில்லை என்று பிழைக் குறி காட்டுவதற்குக் கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை.

சூடு பற்றி ஒரு முரண்பாடு உண்டு. 15 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் கரண்ட் போகும். கடின நீர் என்றால் ஹீட்டரில் படிவும் வரும். அதற்காக எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே துவைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் பூஞ்சையும் தொட்டிக்குள் தங்கி, ஸ்பைடரை அரிக்கும் சேறு கூடும். அன்றாடம் பச்சைத் தண்ணீர், மாதம் ஒருமுறை துணியில்லாமல் சூட்டில் தொட்டி கழுவும் ஓட்டம் என்பதே நடுவழி. துவைத்து முடித்ததும் கதவைச் சாத்தாமல் ஒரு சாண் திறந்து வைப்பது, எந்தப் பவுடரையும் விட அதிக ஆயுள் தரும். குழந்தைகள் உள்ள வீட்டில் மட்டும் எச்சரிக்கை தேவை.

## ட்ரையர்: சேலத்தில் வேண்டாம், ஏற்காட்டில் யோசிக்கலாம்

பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டை மாடிக் கொடியில் போட்ட வேட்டி, மடிக்க ஆள் வருவதற்குள் காய்ந்து விறைத்திருக்கும் ஊரில், ட்ரையருக்குப் பணம் போடுவது வீண். ஐப்பசி மழைக்கு நன்றாகப் பிழிந்து மின்விசிறிக்கு அடியில் போட்டால் போதும். செமியின் பிழியும் தொட்டி சிறியது என்றாலும் வேகமாகச் சுற்றும். டாப் லோடு ஏறத்தாழ 700 சுற்றில்தான் பிழியும் என்பதால் துணி கொஞ்சம் ஈரமாகவே வரும்.

சேர்வராயன் மலையில் நிலைமை வேறு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில், மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். கொடியில் கிடக்கும் ஜீன்ஸ் மூன்றாம் நாளும் சில்லென்று இருந்து, முடை நாற்றம் எடுக்கும். அங்கே கிடைக்கும் வழிகள் இவை.

மிக மலிவானது ட்ரையரே இல்லை: ஒளி ஊடுருவும் ஷீட் போட்ட கூரை, இரு பக்கமும் காற்றோட்டம், உள்ளே கொடி. வெயில் எட்டிப் பார்க்கும் சில மணி நேரத்தையும் அது பிடித்துக்கொள்ளும். இடமிருந்தால் இதையே முதலில் செய்ய வேண்டும்.

அடுத்தது, ஈரக் காற்றைக் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே தள்ளும் தனி ட்ரையர். உள்ளே இருப்பது டிரம், பெல்ட், உருளைகள், ஹீட்டர், வெப்பம் கூடினால் அறுந்து காக்கும் ஃபியூஸ். நீர் புகாத எளிய அமைப்பு. தனி ட்ரையர்கள் வாஷிங் மெஷினை விடக் கூடுதல் ஆண்டு நிற்பதற்கு இதுவே காரணம். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு லோடுக்கும் துடைக்காவிட்டால் காய நேரம் கூடும், ஹீட்டர் போகும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. குழாயைச் சுவருக்கு வெளியே விடாமல் அறைக்குள்ளேயே விட்டால், துணியின் ஈரம் சுவருக்குப் போய்ப் பாசி பிடிக்கும்.

ஹீட்டருக்குப் பதில் ஏ.சி. போலக் கம்ப்ரஸரால் ஓடும் ஹீட் பம்ப் ட்ரையர், ஹீட்டர் ட்ரையருக்கு ஆகும் கரண்டில் ஏறத்தாழ பாதியில் அதே வேலையைச் செய்யும். ஹீட்டர் வகையில் ஏழு கிலோ பருத்தித் துணிக்கு நான்கு யூனிட் அளவுக்குப் போகலாம். மாதம் பதினைந்து லோடு என்றால் இரண்டு மாத பில்லில் 120 யூனிட். வீடுகளுக்கு 2016-இல் வந்த 100 யூனிட் இலவசச் சலுகையை அது ஒன்றே விழுங்கிவிடும். ஆனால் ஹீட் பம்ப்பில் கம்ப்ரஸரும் கேஸும் இருக்கின்றன. குளிர்ந்த அறையில் நேரம் கூடும். பழுதானால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் ஆள் அதைத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

துவைத்துக் காயவும் வைக்கும் ஒரே மெஷினை, ஆயுள் கணக்கில் நான் கடைசியில் வைக்கிறேன். ஃப்ரன்ட் லோடின் எல்லா நோயும் அதற்கு உண்டு; அதன் மேல் நாள்தோறும் சூடும், ஈரமான பஞ்சு ஒட்டிக்கொள்ளும் காற்றுக் குழாயும் சேர்கின்றன. எட்டு கிலோ துவைத்தால் ஐந்து கிலோதான் காயும் என்பதையும், ஈரத்தைக் குளிர்விக்க அவற்றில் பல குழாய்த் தண்ணீரையே செலவழிக்கும் என்பதையும் கடையில் தாமாகச் சொல்ல மாட்டார்கள். ஒன்று கெட்டால் இரண்டும் நிற்கும்.

மலையில் எந்த மெஷினானாலும் திறந்த தாழ்வாரத்தில் வைக்கக் கூடாது. பனி போர்டில் இறங்கும். இடி இடிக்கும்போது சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் வீட்டு உபயோக மெஷினில் விருந்தினர் விரிப்புகளைத் துவைத்தால், வணிகப் பயன்பாடு என்று வாரண்டி மறுக்கப்படும் என்பதை முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

## ஒரே பார்வையில்

விலை ஏழெட்டுக் கிலோ மெஷினுக்கு ஏறத்தாழ. ஆயுள், நாளுக்கு ஒரு லோடு என்று வைத்து நான் போடும் மதிப்பீடு. எந்த நிறுவனத்தின் உறுதிமொழியும் அன்று.

| வகை | விலை (ஆயிரம் ரூபாயில்) | நல்ல தண்ணீரில் | கடினப் போர் தண்ணீரில் | முடித்து வைக்கும் பாகம் |
|---|---|---|---|---|
| செமி ஆட்டோமேட்டிக் | 9–14 | 10–12 ஆண்டு | 9–11 ஆண்டு | தனியாக ஒன்றில்லை. உடம்பு விரிசல், துரு |
| டாப் லோடு | 16–25 | 8–10 ஆண்டு | 7–9 ஆண்டு | போர்டு |
| ஃப்ரன்ட் லோடு | 27–42 | 9–12 ஆண்டு | 5–7 ஆண்டு | ஸ்பைடர், ஒட்டிய தொட்டியின் பேரிங் |
| துவைத்துக் காய வைப்பது | 50-க்கு மேல் | 6–8 ஆண்டு | 4–6 ஆண்டு | மேற்சொன்னவை, ஹீட்டர், காற்றுக் குழாய் |
| தனி ட்ரையர் | 35-க்கு மேல் | 10–13 ஆண்டு | நீரால் பாதிப்பில்லை | ஹீட் பம்ப் வகையில் கம்ப்ரஸர் |

இந்த விலைகளோடு முழுத் தானியங்கிகளுக்கு ஸ்டெபிலைசர், ஸ்டாண்டு, தனிக் குழாய், நுரை குறைந்த சோப்பு ஆகியவை சேரும்.

## எந்த வீட்டுக்கு எது?

போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீடு, துவைப்பவருக்கு உடல் ஒத்துழைக்கிறது என்றால், செமி. அதே தண்ணீர், ஆனால் வேலைக்குப் போகும் இருவர் அல்லது வயதானவர் துவைக்கும் வீடு என்றால், டாப் லோடு. ஸ்டெபிலைசரும் எலி வலையும் முதல் நாளே வேண்டும். மேட்டூர் தண்ணீரைத் தனித் தொட்டியில் கொடுக்க முடிந்தால் ஃப்ரன்ட் லோடு. துணிக்கும் அதுவே மென்மையானது, பட்டு தவிர எதையும் போடலாம். வெண்பட்டு வேட்டியை எந்த மெஷினிலும் போட வேண்டாம். விசைத்தறிப் பட்டறைக்குப் போய் வரும் துணி அதிகமுள்ள வீட்டில், பஞ்சு வடிகட்டியைக் கையால் எடுத்துக் கழுவக்கூடிய செமியோ டாப் லோடோ வசதி. வாடகை வீட்டில் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாறுபவர்கள், கனமான ஃப்ரன்ட் லோடைப் படியில் ஏற்றி இறக்கும் கூலியையும், ஒவ்வொரு முறையும் டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் போக்குவரத்து போல்ட்டை மறுபடி மாட்ட வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். அது மாட்டாமல் ஏற்றிய மெஷின் புது வீட்டில் ஆடத் தொடங்கும். ஏற்காட்டில், ஷீட் கூரைக்கு இடமில்லாத வீட்டுக்கு, ஏதாவது ஒரு வாஷரோடு தனி ட்ரையர்.

## இருப்பதைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

புதிது வாங்கும் முன் பழையதை ஒருமுறை கையால் சோதித்துப் பார்க்கலாம். ஃப்ரன்ட் லோடு என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். டிரம்மும் தொட்டியும் சேர்ந்து அசைந்தால் நல்லது. டிரம் மட்டும் தனியாகக் கடகடவென்று ஆடினால் பேரிங் அல்லது ஸ்பைடர். பிறகு வெறும் கையால் சுற்றி, காதை அருகில் வைத்துக் கேட்க வேண்டும். மணலை அரைப்பது போன்ற சத்தம் வந்தால் சீல் ஏற்கெனவே போய்விட்டது.

ஐந்து ஆண்டுக்குள் என்றால், பழுதுச் செலவு புதிய விலையில் பாதி வரை போனாலும் பார்க்கலாம். ஏழு ஆண்டு தாண்டிய முழுத் தானியங்கிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்டால் நிறுத்திக்கொள்வேன். போர்டு மாற்றிய ஆறாம் மாதம் பேரிங் போவது அந்த வயதில் வழக்கம். செமிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உடம்பு உடையாத வரை பாகம் மாற்றிக்கொண்டே ஓட்டலாம். எடைக்குப் போடுவதானால் மோட்டாரின் செம்புக்குத் தனி விலை கேட்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் தரும் தொகையைப் புதிய மெஷினின் விலையில் ஏற்றியிருக்கிறார்களா என்பதை, எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் என்ன விலை என்று முதலில் கேட்டு வைத்துக்கொண்டால் தெரிந்துவிடும்.